வேலை போனாலும் மருத்துவ உரிமை உடனே போவதில்லை
எல்லைக் கிராமங்களில் எட்டாத இ.எஸ்.ஐ. விதிகள்

புது தில்லி:
வேலையை விட்டு விலகும் தொழிலாளி, அன்றைய தினமே தனது இ.எஸ்.ஐ. அட்டையும் செல்லாததாகிவிட்டது என்று எண்ணிக்கொள்வது இயல்பு. ஆனால், சட்டம் அவ்வாறு கூறவில்லை. முறையாகச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால், வேலை போன பின்பும் பல மாதங்களுக்குத் தொழிலாளியும் அவரது குடும்பத்தினரும் இலவச சிகிச்சை பெற முடியும். பணி ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தி, கணவன் மனைவி இருவருக்கும் சிகிச்சையைத் தொடர்ந்து பெறவும் வழி உண்டு.

தில்லியில் வகுக்கப்பட்ட இந்த விதிகள், அவை தேவைப்படும் இடங்களுக்குச் சென்று சேர்ந்துள்ளனவா என்பதே கேள்வி. தமிழக - கேரள எல்லையில் உள்ள ஆனைகட்டி போன்ற ஊர்களில் இக்கேள்விக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு.

கோவையிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், தடாகம், மாங்கரையைக் கடந்து செல்லும் மலைச் சாலையின் முடிவில் அமைந்துள்ளது ஆனைகட்டி. எல்லைக்கு இப்பால் கோவை மாவட்டம். அப்பால் பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி. இரு புறமும் இருளர் உள்ளிட்ட பழங்குடியினரும், தமிழும் மலையாளமும் கலந்து பேசும் குடும்பங்களும் வசிக்கின்றனர். உறவும் சந்தையும் எல்லை பார்ப்பதில்லை. ஆனால், குடும்ப அட்டையும் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் எல்லை பார்க்கின்றன.

வேலையில் இருக்கும் வரை இந்த வேறுபாடு அவ்வளவாக உறைப்பதில்லை. கோவையின் பஞ்சாலையிலோ, வார்ப்படத் தொழிற்சாலையிலோ, பம்ப்செட் பட்டறையிலோ பணிபுரிபவருக்கு இ.எஸ்.ஐ. அட்டை ஒன்று போதும். அது மத்திய அரசின் திட்டம் என்பதால் மாநில எல்லை அதற்குத் தடையல்ல. தொழிலாளி கோவையில் பணிபுரிய, குடும்பம் வேறு ஊரில் வசித்தால், அங்குள்ள மருந்தகத்தைக் குடும்பத்துக்கெனத் தனியே தேர்ந்தெடுக்கவும் முடியும். வேலை போன பிறகுதான், தாம் எந்த மாநிலத்தின் எந்தத் திட்டத்தைச் சேர்ந்தவர் என்ற கேள்வி எழுகிறது.

கோவையில் தொடங்கிய திட்டம்:
தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் 1948ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டது. பேராசிரியர் பி.பி. அதார்க்கர் 1944ஆம் ஆண்டு அளித்த அறிக்கையே இதற்கு அடிப்படை. 1952ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் தேதி கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கப்பட்டது. தமிழகத்தில் முதன்முதலாக 1955ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது கோவையில்தான். பஞ்சாலைத் தொழிலாளர்கள் நிறைந்திருந்த நகரம் என்பதே இதற்குக் காரணம். இன்றும் இப்பகுதித் தொழிலாளர்களுக்கான பெரிய மருத்துவமனை, சிங்காநல்லூரில் உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனையே.

மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறுபவர்கள் இத்திட்டத்தின்கீழ் வருவர் என்ற வரம்பு 2017ஆம் ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஊதியத்தில் 3.25 சதவீதத்தை நிர்வாகமும், 0.75 சதவீதத்தைத் தொழிலாளியும் செலுத்தும் முறை 2019ஆம் ஆண்டு ஜூலை முதல் பின்பற்றப்படுகிறது. 10,000 ரூபாய் ஊதியம் பெறுபவர் தம் பங்காகச் செலுத்துவது 75 ரூபாய். நிர்வாகம் செலுத்துவது 325 ரூபாய். இந்த 400 ரூபாய், சந்தா செலுத்தப்பட்ட மாதத்துக்கு மட்டுமின்றி, பின்வரும் மாதங்களுக்கும் உரிமையைத் தருகிறது. பலர் அறியாத அம்சம் இதுதான்.

78 நாள் கணக்கு:
இ.எஸ்.ஐ. விதிகளின்படி ஓராண்டு இரு சந்தா காலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒன்று; அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை மற்றொன்று. ஒவ்வொரு சந்தா காலத்துக்கும் உரிய பயன் காலம் மூன்று மாதங்கள் கழித்துத் தொடங்குகிறது. முதலாவது சந்தா காலத்துக்குரிய பயன் காலம் அடுத்த ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரை. இரண்டாவதற்கு உரியது ஜூலை முதல் டிசம்பர் வரை.

ஒரு சந்தா காலத்தில் குறைந்தது 78 நாள்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால், அதற்குரிய பயன் காலம் முடியும் வரை மருத்துவ உரிமை நீடிக்கும். இடையில் வேலை போனாலும் இந்த உரிமை போவதில்லை.

எடுத்துக்காட்டாக, நெடுநாள் பணியிலிருந்த ஒருவர் ஆகஸ்ட் மாத இறுதியில் ஆலையை விட்டு விலகுகிறார் என்று கொள்வோம். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அவருக்கு 78 நாள்களுக்கு மேல் ஊதியமும் சந்தாவும் செலுத்தப்பட்டிருந்தால், அடுத்த ஆண்டு ஜூன் 30 வரை, அதாவது விலகிய பின்னும் பத்து மாதங்கள், அவரும் குடும்பத்தினரும் இ.எஸ்.ஐ. சிகிச்சை பெறலாம்.

அதே தொழிலாளி மே மாதம் 10ஆம் தேதி விலகியிருந்தால் கணக்கு மாறிவிடும். ஏப்ரலில் தொடங்கிய சந்தா காலத்தில் 78 நாள்கள் நிறைவடைந்திருக்காது. முந்தைய அக்டோபர் - மார்ச் காலச் சந்தாவைக் கொண்டு, அவருக்கு அதே ஆண்டு டிசம்பர் 31 வரையே உரிமை கிடைக்கும். ஆக, ஜூன் மாத நடுவில் விலகுவதற்கும், 78 நாள்களை நிறைவு செய்துவிட்டு விலகுவதற்கும் இடையே ஆறு மாத சிகிச்சை உரிமை அடங்கியுள்ளது. வீட்டில் நாள்பட்ட நோயாளியோ, கருவுற்ற பெண்ணோ இருக்கும் தொழிலாளி இந்த நாள் கணக்கைப் பார்த்த பின்னரே விலகும் தேதியை முடிவு செய்வது நல்லது.

ஊதிய உயர்வால் 21,000 ரூபாய் வரம்பைக் கடப்பவருக்கும் உரிமை அன்றே முடிந்துவிடுவதில்லை. நடப்பிலுள்ள சந்தா காலம் முடியும் வரை சந்தா பிடிக்கப்பட வேண்டும்; அதற்குரிய பயனும் உண்டு.

ஆலை மூடப்பட்டால்?
தொழிலாளி தாமாக விலகுவது வேறு. வேலை பறிபோவது வேறு. இரண்டுக்கும் விதிகள் வெவ்வேறு.

தொழிற்சாலை மூடல், ஆள்குறைப்பு ஆகியவற்றால் வேலை இழந்தவர்களுக்காக ராஜீவ் காந்தி ஸ்ரமிக் கல்யாண் யோஜனா என்னும் திட்டம் 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் கொண்டுவரப்பட்டது. இதன்கீழ் தகுதி பெறுபவருக்கு 24 மாதங்கள் வரை வேலையின்மைப் படி வழங்கப்படும். படி பெறும் காலம் முழுவதும் அவருக்கும் குடும்பத்தினருக்கும் இ.எஸ்.ஐ. சிகிச்சை உண்டு. தாமாக ராஜிநாமா செய்தவருக்கு இது பொருந்தாது.

2018ஆம் ஆண்டு ஜூலையில் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா நடைமுறைக்கு வந்தது. வேலை இழந்தவருக்கு 90 நாள்கள் வரை, சராசரி ஊதியத்தில் 25 சதவீதம் வழங்க இத்திட்டம் வகை செய்தது. கரோனா பொதுமுடக்கத்தின்போது 2020ஆம் ஆண்டு இது 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது.

இத்திட்டங்களில் விண்ணப்பிப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாதந்தோறும் இணையதளத்தில் சந்தா விவரம் பதியும் நிர்வாகம், பணியில் இல்லாத தொழிலாளியின் பெயருக்கு எதிரே அதற்கான காரணத்தையும் குறியீடாகப் பதிகிறது. 'பணியிலிருந்து விலகினார்', 'ஓய்வு பெற்றார்', 'ஆள்குறைப்பு' என ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு உண்டு. ஆள்குறைப்பு செய்யப்பட்டவரைத் தாமாக விலகியவராகப் பதிந்துவிட்டால், இரண்டாண்டு உரிமை ஓர் எண்ணால் தட்டிப்போக நேரிடும். கணக்கு முடித்துக் கையெழுத்திடும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஆலை மூடப்படாமலும் இயங்காமலும் நிற்கும் நிலை இன்னும் சிக்கலானது. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதப் பொதுமுடக்கத்தின்போது நிறுத்தப்பட்டன. கோவையில் உள்ள 5 ஆலைகளும் அவற்றில் அடங்கும். இத்தகைய சூழலில் தொழிலாளிக்கு வழங்கப்படும் 'லே-ஆஃப்' தொகையும் இ.எஸ்.ஐ. சட்டத்தின்படி ஊதியமே, அதற்கும் சந்தா செலுத்தப்பட வேண்டும். ஊதியம் அறவே நின்றுபோனால் நாள் கணக்கும் நின்றுபோகும். மருத்துவ உரிமையும் பயன் காலத்துடன் முடிந்துவிடும்.

ஆண்டுக்கு 120 ரூபாய்:
ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் காப்பீடு பெற்றிருந்து, வயது முதிர்வால் ஓய்வு பெற்றவர்களுக்கும் விருப்ப ஓய்வில் சென்றவர்களுக்கும் 1950ஆம் ஆண்டின் மத்திய விதிகளில் தனி ஏற்பாடு செய்யப்பட்டது. மாதத்துக்கு 10 ரூபாய் என்ற கணக்கில், ஓராண்டுக்கு 120 ரூபாயை மொத்தமாகச் செலுத்தினால் அவரும் அவரது வாழ்க்கைத் துணையும் சிகிச்சை பெறலாம். பணியின்போது ஏற்பட்ட விபத்தால் நிரந்தர ஊனமுற்று வேலை இழந்தவருக்கும், அவர் ஓய்வு பெற வேண்டிய வயது வரை இதே தொகையில் இவ்வுரிமை உண்டு.

பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளில் ஊதியம் வரம்பைத் தாண்டியதால் திட்டத்தை விட்டு வெளியேறி, பின்னர் ஓய்வு பெற்றவர்கள் இந்த உரிமையை இழந்து வந்தனர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு விதியைத் தளர்த்த, தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகம் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் முடிவு செய்தது.

இவ்வுரிமைக்கு அடிப்படை, காப்பீட்டு எண். ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே எண்தான். ஓர் ஆலையை விட்டு மற்றோர் ஆலைக்குச் செல்லும்போது பழைய எண்ணைத் தெரிவிக்காமல் புதிய எண் பெற்றுக்கொள்பவர்கள், ஐந்தாண்டு கணக்கை நிரூபிக்க இயலாமல் பின்னர் தவிக்க நேரிடும். அடிக்கடி இடம் மாறிப் பணிபுரியும் எல்லைப்புறத் தொழிலாளர்களுக்கு இந்த எச்சரிக்கை மிகவும் பொருந்தும்.

குழுக் காப்பீடு பெற்றவர்கள்:
இ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் ஊதியம் பெறுபவர்களுக்குப் பல நிறுவனங்கள் குழு மருத்துவக் காப்பீடு எடுத்துத் தருகின்றன. இங்கு நிலைமை நேர்மாறானது. பெரும்பாலும் கடைசிப் பணி நாளுடன் காப்பீடு முடிந்துவிடும். 78 நாள் கணக்கோ, பயன் காலமோ இதற்குக் கிடையாது.

எனினும், குழு பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கோ, குடும்ப பாலிசிக்கோ மாறிக்கொள்ளும் உரிமை உண்டு. பாலிசிகளை மாற்றிக்கொள்ளும் வசதி 2011ஆம் ஆண்டு அக்டோபரில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. குழுவிலிருந்து வெளியேறுபவர் முதலில் அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறி, ஓராண்டுக்குப் பின்னர் விரும்பிய நிறுவனத்துக்குச் செல்லலாம் என்பது அப்போது வகுக்கப்பட்ட முறை.

இதன் பயன், காத்திருப்புக் காலத்தில்தான் தெரியும். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் போன்று முன்பே உள்ள நோய்களுக்குப் புதிய பாலிசியில் உடனே இழப்பீடு கிடைக்காது. இதற்கான அதிகபட்சக் காத்திருப்புக் காலம் நான்கு ஆண்டுகளாக இருந்தது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் மூன்று ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. குழு பாலிசியில் கழிந்த ஆண்டுகளை, பழைய காப்பீட்டுத் தொகையின் அளவுக்கு இந்தக் காத்திருப்பில் கழித்துக்கொள்ளலாம். இடையில் பாலிசி இல்லாமல் மாதங்கள் கடந்துவிட்டால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். எனவே, பணிவிலகல் கடிதம் கொடுத்தவுடன், கடைசிப் பணி நாளுக்கு முன்பாகவே விண்ணப்பிப்பது நல்லது.

தனிநபர் பாலிசிக்கு முழு பிரீமியத்தையும் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. வரி நீக்கப்பட்டது சற்று ஆறுதல். ஆயினும், வருமானம் நின்ற நேரத்தில் ஆயிரக்கணக்கில் பிரீமியம் கட்டுவது எல்லோருக்கும் இயலக்கூடியதல்ல.

அமெரிக்கா, தாய்லாந்து அனுபவம்:
வேலையோடு காப்பீடும் போவது இந்தியாவுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. அமெரிக்காவில் 'கோப்ரா' எனப்படும் சட்டத்தின்படி, 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனத்தை விட்டு விலகுபவர், பொதுவாக 18 மாதங்கள் வரை அதே காப்பீட்டில் நீடிக்கலாம். ஆனால், நிறுவனத்தின் பங்கையும் சேர்த்து 102 சதவீதம் வரை பிரீமியம் கட்ட வேண்டியிருக்கும். இவ்வுரிமை குறித்து விலகுபவருக்கு எழுத்துபூர்வமாக அறிவிப்பது அங்கு கட்டாயம். முடிவு செய்ய அவருக்கு 60 நாள் அவகாசமும் உண்டு.

தாய்லாந்தில், குறைந்தது 12 மாதங்கள் சந்தா செலுத்தியவர், வேலையை விட்ட ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பித்தால் சமூகப் பாதுகாப்பு நிதியில் தாமே சந்தா கட்டி உறுப்பினராகத் தொடரலாம்.

இவற்றோடு ஒப்பிட்டால், விலகியவரிடம் ஒரு காசும் கேட்காமல் பயன் காலம் முடியும் வரை சிகிச்சை தரும் இ.எஸ்.ஐ. ஏற்பாடு தாராளமானது. ஆனால், தாய்லாந்தைப்போல் வேலையற்றவர் தாமே சந்தா கட்டி நீடிக்கும் வாய்ப்பு, ஓய்வு பெற்றவர்கள் போன்ற சில பிரிவினருக்கு மட்டுமே இங்கு உள்ளது. முப்பது வயதில் வேலை இழந்து, பயன் காலமும் முடிந்துபோனவருக்கு அக்கதவு திறப்பதில்லை.

இடுக்கித் தோட்டங்களில் வேறு நிலை:
எல்லையின் தென்பகுதியில், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாகப் பணிபுரியும் தமிழ்த் தொழிலாளர்களின் நிலை இன்னும் கடினமானது. தோட்ட வயல்களில் பணிபுரிபவர்கள் இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்க்கப்படவில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், அவர்களுக்கு மருத்துவ வசதி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடமே ஒப்படைத்தது. தோட்ட மருத்துவமனை, லயம் எனப்படும் வரிசை வீடு ஆகிய இரண்டுமே வேலையோடு பிணைக்கப்பட்டவை.

ஓய்வு பெறும் தொழிலாளி வேலை, வீடு, மருத்துவமனை ஆகிய மூன்றையும் ஒருசேர இழக்கும் நிலை இதனால் ஏற்பட்டது. தோட்டமே கைவிடப்பட்டால், பணியில் இருப்பவருக்கும் இதே கதிதான். தேயிலை விலை வீழ்ச்சியடைந்த 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் பீர்மேடு வட்டாரத்தில் தோட்டங்கள் மூடப்பட்டபோது இது வெளிப்படையாகத் தெரிந்தது. ஆலைத் தொழிலாளிக்கு உள்ள 78 நாள் கணக்கும், 120 ரூபாய் ஏற்பாடும் தோட்டத் தொழிலாளிக்கு இல்லை.

2025ஆம் ஆண்டு நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இதில் ஒரு வழியைத் திறந்துள்ளது. தோட்ட நிர்வாகம் தரும் வசதியைவிட இ.எஸ்.ஐ. பயன்கள் மேம்பட்டவையாக இருந்தால், நிர்வாகம் விருப்பம் தெரிவித்துத் தொழிலாளர்களை இ.எஸ்.ஐ.யில் சேர்க்கலாம். ஆனால், விருப்பம் தெரிவிக்கும் உரிமை நிர்வாகத்துக்கே தரப்பட்டுள்ளது, தொழிலாளிக்கு அல்ல. எனவே, இப்பிரிவு ஏட்டளவில் நின்றுவிடாமல் இருக்க வேண்டுமானால் மத்திய, மாநில அரசுகளின் முனைப்பு தேவை.

பழைய இ.எஸ்.ஐ. சட்டமும் இந்தத் தொகுப்பில் இணைக்கப்பட்டுவிட்டதால், மேற்கண்ட சலுகைகளின் நடப்பு விதிகளைக் கிளை அலுவலகத்தில் உறுதி செய்துகொள்வது நல்லது.

பதிவேட்டில் இல்லாதவர்கள்:
ஆனைகட்டி சாலையை ஒட்டிய தடாகம் பள்ளத்தாக்கில், அனுமதியின்றி இயங்கிய செங்கல் சூளைகள் 2021ஆம் ஆண்டு மூடப்பட்டன. மண்வளமும் யானை வழித்தடமும் காக்கப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், இத்தகைய மூடல்களில் வேலை இழப்பவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லையெனில், வேலையின்மைப் படியோ, பயன் காலமோ அவருக்குப் பொருளற்றவை. சந்தா செலுத்தப்படாத இடத்தில் உரிமையும் பிறப்பதில்லை.

இவர்களுக்கு எஞ்சியிருப்பது மாநில அரசுகளின் திட்டங்களே. தமிழகத்தில் 2009ஆம் ஆண்டு கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012ஆம் ஆண்டு மாற்றியமைக்கப்பட்ட முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்கு உள்பட்ட குடும்பங்கள் சேரலாம். குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் இதற்குத் தேவை. கேரளத்தில் 2019ஆம் ஆண்டு முதல் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி செயல்படுகிறது. இரண்டிலும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். வேலை இருப்பதும் இல்லாததும் இவற்றுக்குப் பொருட்டல்ல என்பது பெரிய நன்மை.

ஆனால், இவை முக்கியமாக மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானவை. மாதந்தோறும் வாங்க வேண்டிய சர்க்கரை மாத்திரைக்கும், புறநோயாளிப் பரிசோதனைக்கும் இ.எஸ்.ஐ. மருந்தகம் அளித்த வசதியை இவை அளிப்பதில்லை. அதற்கு எல்லைக்கு இப்பால் உள்ளவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களையும், அட்டப்பாடியில் உள்ளவர்கள் கோட்டத்தறையில் உள்ள அரசு பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனையையும் நாட வேண்டும்.

எல்லைவாசிகள் தம் குடும்ப அட்டை எந்த மாநிலத்தில் உள்ளதோ, அந்த மாநிலத் திட்டத்தில் பெயர் உள்ளதா என்பதை வேலையில் இருக்கும்போதே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். நோய் வந்த பின் வருமானச் சான்றுக்கு அலைவது பயன் தராது. வீட்டில் 70 வயதைக் கடந்தவர்கள் இருந்தால், வருமான வரம்பின்றி 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை அளிக்கும் ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கம் 2024ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசால் தொடங்கப்பட்டது. மாநிலங்கள் வழியாகச் செயல்படுத்தப்படும் திட்டம் என்பதால், தம் மாநிலத்தில் அதன் நிலையை விசாரித்து அறிய வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?
வேலையை விட்டு விலகுபவர் செய்ய வேண்டியவை சில. நடப்புச் சந்தா காலத்தில் எத்தனை நாள்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டுள்ளது என்று பார்க்க வேண்டும். காப்பீட்டு எண்ணையும் அட்டையையும் பத்திரப்படுத்த வேண்டும். நிர்வாகம் பதியும் விலகல் காரணத்தை அறிய வேண்டும். ஓய்வு பெறுபவராயின் கிளை அலுவலகத்தில் 120 ரூபாய் ஏற்பாட்டைக் கேட்க வேண்டும். குழுக் காப்பீடு பெற்றவராயின் கடைசிப் பணி நாளுக்கு முன்பே தனிநபர் பாலிசிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் தொழிலாளியே தேடித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விட்டுவிடுவது நியாயமாகாது. கணக்கு முடித்துத் தரும் காகிதத்தில், 'இன்ன தேதி வரை உமக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ உரிமை உண்டு' என்று ஒரு வரி சேர்க்க நிர்வாகங்களுக்குச் செலவு ஏதுமில்லை. அந்த வரியைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டுத் தருவதைக் கட்டாயமாக்க மத்திய தொழிலாளர் அமைச்சகம் முன்வந்தால், ஆனைகட்டியிலிருந்து பீர்மேடு வரை, தமக்கு உரிமை இருந்தும் கடன் வாங்கி மருத்துவம் பார்க்கும் நிலை குறையும்.